கரையேறிய படகு

தூத்துக்குடியில் பனிக்கட்டி விழுவதில்லை. மார்கழி மாதத்து விடியற்காலையிலும் எங்கள் ஊரின் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. ஆயினும் கடற்கரையை அடுத்து நிற்கும் எங்கள் பேராலயம் பனிமய மாதாவின் பெயரைத் தாங்கியது. ஆண்டுதோறும் ஆகஸ்டு 5ஆம் நாள், வெயில் சுட்டெரிக்கும் காலத்தில், பனியின் பெயர் பெற்ற அன்னைக்கு ஊரே திரண்டு விழா எடுக்கும். சிறுவயதில் இஃது எனக்குப் பெரும் புதிராக இருந்தது. பனியையே காணாத எங்களுக்கும் பனிக்கும் என்ன உறவு என்று எண்ணிக்கொள்வேன்.

அண்மையில் ஒரு கடிதம் அந்தப் பழைய எண்ணத்தை மீண்டும் கிளறிவிட்டது. என்னோடு பள்ளியில் பயின்ற நண்பர் ஒருவர் அமெரிக்க நாட்டின் டெக்சஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகரில் வாழ்கிறார். அதுவும் நம் ஊரைப் போலவே வெப்பம் மிகுந்த துறைமுக நகரமாகும். அவரிடம் சக்கரங்களின்மேல் அமைந்த சிறு வீடு ஒன்று உண்டு. விடுமுறை வந்தால் அதனைக் காருக்குப் பின்னே பூட்டி, மனைவி மக்களோடு ஊர் ஊராகச் சென்று வருவார். அதனுள் படுக்கை உண்டு, அடுப்பு உண்டு, தண்ணீர்த் தொட்டியும் குழாய்களும் உண்டு. குளிர் மிகுந்த வடபகுதிகளில் இத்தகைய வண்டிகளை வைத்திருப்போர், குளிர்காலம் தொடங்குமுன் குழாய்களிலுள்ள நீரை அடியோடு வடித்துவிடுவர். உறையாத திரவம் ஒன்றையும் குழாய்களுக்குள் செலுத்தி வைப்பர். நீர் பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் நூற்றுக்கு 9 பங்கு அளவு பெருகும் என்பதை நீங்கள் அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவ்வாறு பெருகும் கட்டிக்கு முன் இரும்புக் குழாயும் நில்லாது.

“எங்கள் ஊரில் ஏது குளிர்?” என்று நண்பர் அவ்வேலையை ஆண்டுதோறும் தள்ளிப்போட்டு வந்தார். 2021ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் டெக்சஸ் முழுவதையும் கடுங்குளிர் தாக்கியது. சில நாட்களே நீடித்த குளிர்தான். அது விலகியபின் வண்டியின் கதவைத் திறந்தவர், குழாய்கள் பிளந்து தரையெங்கும் நீர் தேங்கி நிற்பதைக் கண்டார். “குளிர்நாட்டில் இருந்திருந்தால் விழிப்பாக இருந்திருப்பேன். வெப்ப நாடு என்னை ஏமாற்றிவிட்டது” என்று எழுதியிருந்தார்.

அதனைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பதின்மூன்றாம் வயதில் நான் செய்த பிழையொன்று நினைவுக்கு வந்தது.

உறைபனி இல்லாவிடினும் எங்கள் கரையிலும் ஓய்வுக் காலம் ஒன்று உண்டு. மீன்கள் இனம் பெருக்கும் பருவத்தில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக்கூடாது என்ற தடை, தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் 2001ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. முதலில் அது ஏப்ரல் 15 தொடங்கி 45 நாட்களாக இருந்தது; 2017ஆம் ஆண்டில் 61 நாட்களாயிற்று. கடலுக்கு ஓய்வளிப்பது எங்கள் கரைக்குப் புதியதன்று. முத்துக்குளித்தல் நடைபெற்ற காலத்திலும், சிப்பிகள் முதிர்ந்தனவா என்று பார்களை ஆராய்ந்த பின்னரே குளிப்புக்கு இசைவு தருவர்; முதிரவில்லையெனில் ஆண்டுக்கணக்கில் கடல் மூடிக்கிடக்கும். 1961இல் நடந்ததே இறுதி முத்துக்குளிப்பு.

கடல் ஓய்வெடுக்கலாம். படகை வாளாவிருக்க விட்டால் அது கெடும். ஓடும் படகைவிட நிற்கும் படகே விரைவில் பாழாகும் என்பதை எங்கள் தெருவில் சிறு பிள்ளைகளும் அறிவர். ஆகவே தடைக்காலம் தொடங்கியதும் மீன்பிடித் துறைமுகம் பெரியதொரு பட்டறையாக மாறிவிடும். ஒவ்வொரு படகாக இழுத்துக் கரையேற்றுவர். அடிப்பலகையில் ஒட்டிக்கிடக்கும் கொட்டலசுகளைச் சுரண்டி எடுப்பர். மரத்தைத் துளைக்கும் கடற்புழு எங்கேனும் புகுந்திருக்கிறதா என்று தச்சர் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். உளுத்த இடம் ஒலியிலேயே தெரிந்துவிடும். பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் கலப்பற்று இடுவர். சுழல்விசிறியின் அருகே பொருத்திய துத்தநாகக் கட்டி கரைந்திருந்தால் புதியது மாற்றுவர். கடல்நீர் இரும்பையும் வெண்கலத்தையும் அரிக்காமல் முதலில் துத்தநாகத்தை அரிக்கும். மற்றவற்றைக் காக்கத் தன்னைக் கொடுப்பதற்காகவே அக்கட்டி அங்கே இருக்கிறது.

இவ்வேலைகளில் எனக்கு மிகவும் வியப்பளித்தது ஒன்று உண்டு. படகின் மரத்துக்கு உப்புநீர் நட்பு, நன்னீர் பகை. மழைநீர் படகுக்குள் தேங்கினால் பலகை மக்கிப்போகும். ஆதலால் அடியிலுள்ள தக்கையைக் கழற்றி, நீர் தேங்காமல் வழிந்தோட விடுவர். வெயிலில் பலகை காய்ந்து இடுக்கு விரியாதிருக்க மேலே தென்னங்கீற்று வேய்வர். இயந்திரத்துக்கோ எல்லாம் நேர்மாறு. அதற்கு நன்னீரே மருந்து, உப்பே நஞ்சு. கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. இயந்திரத்தைக் குளிர்விக்கக் கடலிலிருந்து உறிஞ்சப்படும் நீர், படகு ஓடும்வரை உள்ளே புகுந்து வெளியே போய்க்கொண்டிருக்கும். படகு நின்றதும் எஞ்சிய நீர் வற்றும், உப்பு தங்கும். தங்கிய உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, இரவும் பகலும் இரும்பைத் தின்றுகொண்டிருக்கும். இதற்குக் குளிர் வேண்டியதில்லை. எங்கள் ஊரின் வெப்பமும் கடற்காற்றும் போதும்.

ஆகவே கரையேற்றுமுன் இயந்திரத்தை நன்னீரால் கழுவ வேண்டும். நீர் உறிஞ்சும் குழாயைக் கடலிலிருந்து பிரித்து ஒரு பீப்பாயில் விட்டு, பீப்பாயில் நல்ல தண்ணீரை ஊற்றி, இயந்திரத்தைச் சிறிது நேரம் ஓட்டுவர். 2003ஆம் ஆண்டில் அவ்வேலைக்குத் தண்ணீர் கொண்டுவரும் பொறுப்பை அப்பா என்னிடம் ஒப்படைத்தார். மணப்பாட்டில் உறவினர் ஒருவர் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தமையால் அவர் அன்று காலையே புறப்பட வேண்டியிருந்தது.

“வெளியேறும் நீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார். கரிப்பு முற்றும் நீங்கும்வரை ஊற்றிக்கொண்டே இரு. நீர் போதாவிட்டால் விலைக்கு வாங்கு” என்று சொல்லி, பணமும் கொடுத்துச் சென்றார்.

எங்கள் தெருவில் அப்போது குடிநீர் பெறுவது எளிதன்று. தண்ணீர் லாரி வரும் நாளில் அம்மா விடியுமுன்னே குடங்களோடு சென்று வரிசையில் நிற்பார். வீட்டிலிருந்த தொட்டி நிறைய வேண்டுமானால் அவர் எத்தனை முறை இடுப்பில் குடம் சுமந்து நடக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அந்த நீரைக் குடம் குடமாகக் கொண்டுபோய், எண்ணெய் நாறும் இயந்திரத்துக்குள் ஊற்றி, மறுபக்கம் கடலில் வடியவிட எனக்கு மனம் வரவில்லை. நான்கு குடம் ஊற்றினேன். அதன்பின், துறைமுகத்துக்குச் செல்லும் வழியில் உப்பளத்தை ஒட்டிய கிணறு ஒன்று இருந்ததன்றோ? அதிலிருந்து மொண்டு வந்து மீதியை நிரப்பினேன். இயந்திரத்தை ஓட்டிய படகாள், “நல்ல தண்ணீர்தானா?” என்று கேட்டார். “ஆம்” என்றேன். சுவைத்துப் பார்க்கவில்லை. பார்த்தால் கரிக்கும் என்று எனக்குத் தெரியும். அப்பா கொடுத்த பணத்தை அப்படியே அம்மாவிடம் தந்தேன். அன்று நான் பெரிய அறிவாளி என்றே என்னை எண்ணிக்கொண்டேன்.

தடை நீங்கிய நாள் வந்தது. மே 30ஆம் நாள் விடியற்காலையில் துறைமுகமே விழாக்கோலம் பூண்டிருந்தது. புது வண்ணம் பூசிய படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டன. தடை முடிந்தபின் வரும் முதல் நாட்களில்தான் வலை நிறையும். அந்நாட்களின் வருவாயை நம்பியே 45 நாள் கடனை எல்லோரும் வாங்கியிருப்பர். எங்கள் படகும் புறப்பட்டது. கரையில் நின்று கையசைத்தேன்.

உச்சிப் பொழுதில் எங்கள் படகைப் பிறிதொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்தது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஓடியபின் இயந்திரம் கொதித்துப் புகைந்ததாம். அப்பா உடனே அதனை நிறுத்தி நங்கூரம் இட்டிருக்கிறார். மெக்கானிக் வந்து நீர் இறைக்கும் பம்பைக் கழற்றினார். அதனுள் வெண்மையும் செம்மையுமாகப் பொருக்கு படிந்திருந்தது. நீரைத் தள்ளும் ரப்பர் இறக்கைகள் அப்பொருக்கில் உராய்ந்து கிழிந்து போயிருந்தன. குளிர்விக்கும் குழாய்களிலும் துருவும் உப்பும் அடைத்திருந்தன. மெக்கானிக் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். “அண்ணாச்சி, இதை நல்ல தண்ணீரில் கழுவவில்லையே!” என்றார்.

அப்பா படகாளைப் பார்த்தார். படகாள் என்னைப் பார்த்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியவில்லை; நடந்ததை அங்கேயே சொல்லிவிட்டேன்.

ஆறு நாட்கள் படகு கரையில் கிடந்தது. மற்றப் படகுகள் இரவில் விளக்கெரியத் திரும்பி வந்து மீனை இறக்கும்போது, எங்கள் படகில் வேலை செய்த ஐவரும் துறைமுகச் சுவரில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தனர். கடலுக்குப் போனால்தான் அவர்களுக்குப் பங்கு. போகாத நாளில் ஒன்றுமில்லை. புதிய உறுப்புகள் வாங்க அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குச் சென்றது. ஒரு பம்பு இவ்வளவு விலை பெறும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அப்பா என்னை அடிக்கவில்லை. ஆறாம் நாள் இரவு, “யாருக்காகத் தண்ணீரை மிச்சம் பிடித்தாய்?” என்று மட்டும் வினவினார். நான் அம்மாவின் பக்கம் பார்த்தேன். அப்பா வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “குறைத்து ஊற்றியதைச் சொல்லியிருந்தால் போதுமே, நான் வந்து மீண்டும் கழுவியிருப்பேனே!” என்றார். அடி விழுந்திருந்தால் நான் இந்நேரம் அதனை மறந்திருக்கக்கூடும்.

அடுத்த ஆண்டு ஏப்ரலில், நான் கேளாமலே அம்மா தலையில் ஒரு குடமும் இடுப்பில் ஒரு குடமுமாகத் துறைமுகத்துக்கு வந்து நின்றார். தொட்டியில் பாதி தீர்ந்தது. அவர் முகம் சுளிக்கவில்லை.

இப்போது படகு என் தம்பியின் பொறுப்பில் உள்ளது. நான் ஆசிரியனாகிவிட்டேன். டீசல் தொட்டிக்குள் ஈரம் படியாதிருக்க அதனை முழுவதும் நிரப்பி வைப்பதும், பாட்டரியைக் கழற்றி நிழலில் வைத்து அவ்வப்போது மின்னேற்றுவதும் அவன் வேலை. கழுவும் நாளில் மட்டும் என்னை மறவாமல் அழைப்பான். சென்ற ஏப்ரலிலும் சென்றிருந்தேன். பீப்பாயில் நான்காம் முறை நீர் நிரம்பியது. வெளியேறிய நீர் கண்ணாடி போலத் தெளிந்திருந்தது. “போதும் அண்ணா, சுத்தமாகிவிட்டது” என்றான் தம்பி. நான் குனிந்து, விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். மிக மெல்லிய கரிப்பு இன்னும் இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. தம்பி என் முகத்தைப் பார்த்தான். அடுத்த குடத்தைத் தூக்கினான்.