ஓதத்தோடு மாறும் ஏணி

போர்ட் பிளேயரின் ஹாடோ துறையில் கப்பல் வந்து கயிறு கட்டியதும், ஆள் ஏறி இறங்கும் நடைபாலமான கேங்வேயை இறக்கி, கீழே வலை கட்டுவார்கள். அத்தோடு வேலை முடிந்தது என்று புதிதாக வருகிற பையன்கள் நினைக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் அதைக் கவனிக்க ஆள் வேண்டும். இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 2 மீட்டர் வித்தியாசம் வரும். சரக்கு இறங்க இறங்கக் கப்பலும் மேலே எழும்பும். ஏற்றமும் சரக்கிறக்கமும் ஒன்றாகச் சேர்ந்தால், காலையில் குழந்தைகூட நடந்து ஏறிய கேங்வே மதியத்துக்குள் செங்குத்தாகிவிடும். 30 டிகிரிக்கு மேல் சாயக்கூடாது என்பது கேங்வேக்கான பொதுவான வரம்பு. கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் அக்கமடேஷன் ஏணிக்கு 55. எனக்கு அதைவிட முக்கியம் கேங்வேயின் அடியில் இருக்கும் உருளை. அது தாராளமாக ஓட வேண்டும். கயிறோ கட்டையோ மறித்துவிட்டால், கப்பல் அசையும்போது கேங்வே வளையும், இல்லையென்றால் துறையின் விளிம்பிலிருந்து நழுவும்.

கப்பல் பழுதுபார்க்கும் வேலையில் இருந்து நான் உறுதியாகப் பிடித்துக்கொண்டது ஒன்றுதான். இந்தத் தீவில் நேற்று ஏறிய ஏணி இன்றைக்கு வேறு ஏணி. உப்பு, மழை, ஓதம் மூன்றும் இரவெல்லாம் அதன்மேல் வேலை செய்கின்றன.

சில சமயம் நிலமே வேலை செய்துவிடுகிறது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் ஏறத்தாழ 1 மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் வயல்களுக்குள் கடல் வந்து தங்கிவிட்டது. வடக்கே மாயாபந்தர், திக்லிப்பூர் பக்கம் நிலம் மேலே எழும்பியது. எல்லோரும் வீட்டையும் வயலையும் பேசினார்கள், அது நியாயம். என் கண் படித்துறைகளில் இருந்தது. தெற்கே, பெரிய ஏற்றத்தில் மட்டும் நனைந்த படிகளைக் கடல் தினமும் தொட ஆரம்பித்தது. வடக்கே, வற்றக் கடலில் படகின் விளிம்புக்கும் படிக்கும் நடுவே இடைவெளி கூடியது. கால் பழகிய கணக்கு இரண்டு பக்கமும் பொய்த்துப் போனது.

படித்துறையில் பச்சையாகத் தெரிகிற பாசிக்கு நான் பெரிதாக அஞ்சுவதில்லை. பார்த்ததும் யாரும் ஒதுங்கிவிடுவார்கள். அதற்குக் கொஞ்சம் மேலே, ஈரக் கான்கிரீட் மாதிரியே கருமையாக, மெல்லிய ஏடாக ஒன்று படிந்திருக்கும். விரலால் தேய்த்தால்தான் வழவழப்பு தெரியும். விழுகிறவர்களில் பலர் விழுவது அங்கேதான், அதுவும் பெரும்பாலும் தேய்ந்த ஹவாய் செருப்போடு. பிளீச்சிங் பவுடரை மட்டும் தூவிவிட்டுப் போனால் போதாது. வற்றத்தின்போது இறங்கி, கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டிக் கழுவ வேண்டும். மழைக்காலத்தில் அதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊர் இது. வழுக்கும் பொருள் எதுவும் படியில் இருக்கக்கூடாது, தேவையான இடத்தில் உறுதியான கைப்பிடி வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 32ஆம் பிரிவே எழுதிவைத்தது. எழுதியவர்கள் எந்தப் படியை நினைத்தார்களோ, எனக்கு இந்தப் படிதான் நினைவுக்கு வரும்.

இரும்பு ஏணி ஏமாற்றுவது வேறு விதம். மேல்பக்கம் பூட்ஸ் தேய்ந்து பளபளவென்று இருக்கும், அடிப்பக்கம் வெல்டிங்கை ஒட்டித் துரு தின்றிருக்கும். அதன்மேல் பெயிண்ட் அடித்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. சிப்பிங் சுத்தியலால் படியின் நடுவில் ஒன்று, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று தட்டுவேன். நல்ல இரும்பு கணீரென்று பேசும். மழுங்கின சத்தம் வந்தாலோ பெயிண்டோடு செதில் உதிர்ந்தாலோ, வெட்டி எடுத்துப் புதுப்படி வைக்கும்வரை அந்த ஏணிக்குக் குறுக்கே கயிறு கட்டிவிட வேண்டும். கப்பலின் சரக்கறையான ஹோல்டுக்குள் இறங்கும் ஏணிகளில் சரக்கு மோதி வளைந்த படிகளும் இருக்கும். ஒரு படி இரண்டு விரல் அளவு உள்ளே போயிருந்தால் போதும், இருட்டில் இறங்குகிற கால் காற்றைத்தான் மிதிக்கும்.

ஹோல்டு என்றதும் இதையும் சொல்ல வேண்டும். நம் தீவுகளில் கொப்பரையும் மரமும் ஏற்றுகிறோம். இரண்டுமே மூடிய ஹோல்டுக்குள் இருக்கும் பிராணவாயுவைக் குறைத்துவிடும், துருவும் குறைக்கும். ஏணி ஒழுங்காக இருக்கும், ஆள் திடமானவனாக இருப்பான், பாதி இறங்கியதும் கை தானாக விட்டுவிடும். அவனைக் காப்பாற்ற இன்னொருவன் உடனே பின்னால் இறங்குவான். உலகத் துறைமுகங்களில் இப்படி ஒன்றுக்கு இரண்டாக, மூன்றாகச் சாவு விழுந்திருக்கிறது. மூடியைத் திறந்து காற்றோட்டம் விட்டு, மீட்டர் வைத்துப் பார்க்காமல் முதல் படியில்கூடக் கால் வைக்கக்கூடாது. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

ஏணிகளில் எனக்கு மிகவும் மரியாதை பைலட் ஏணியிடம். ஆடுகிற படகிலிருந்து ஓடுகிற கப்பலுக்கு, அதைத் துறைக்குள் வழிநடத்த வரும் பைலட் கயிற்றைப் பிடித்து ஏறுகிறார். படிக்குப் படி 31 முதல் 35 சென்டிமீட்டர், பக்கக் கயிறு குறைந்தது 18 மில்லிமீட்டர் கனம், கடைசி நான்கு படிகள் ரப்பர், ஏணி முறுக்கிக்கொள்ளாமல் இருக்கக் குறைந்தது 1.8 மீட்டர் நீளமுள்ள குறுக்குப் படிகள், ஏறும் உயரம் 9 மீட்டருக்குள். அலையின் உச்சியில் படகு எழும்பும்போதுதான் ஏணிக்குத் தாவ வேண்டும். அப்போது படகு கீழே விலகிப் போகும். தாழ்வில் தாவினால் அடுத்த அலையில் படகு எழும்பி வந்து காலை நசுக்கும்.

சாதாரணச் சாத்து ஏணிக்கு வருவோம். உயரம் நான்கு பங்கு என்றால் அடி ஒரு பங்கு தள்ளி, தலை இறங்கும் இடத்துக்கு 1 மீட்டர் மேலே, மின்கம்பி பக்கம் அலுமினியம் கூடவே கூடாது. இவை எல்லோருக்கும் தெரியும். பெயிண்ட் அடிக்கிறவர்கள் தவறுவது வேறிடத்தில். இன்னும் ஒரு சாண்தானே என்று பக்கவாட்டில் எட்டுவார்கள். தொப்புள் இரண்டு ஏணிக்காலுக்கும் நடுவே இருக்கிறவரை ஏணி நிற்கும், அதைத் தாண்டினால் இறங்கி ஏணியை நகர்த்துவதுதான் வேலை. மர ஏணிக்கு எண்ணெய் போடுங்கள், பெயிண்ட் அடிக்காதீர்கள். விரிசல் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

எங்கள் கும்பலில் தமிழர், தெலுங்கர், வங்காளி, மலையாளி, ராஞ்சிக்காரர் எல்லோரும் உண்டு, பொதுப்பேச்சு இந்தி. அதனால் ஏணி வேலையில் ஒரே கூப்பாடு: ‘ருக்கோ’. யார் சொன்னாலும், கடைநிலைப் பையன் சொன்னாலும், மேலே இருப்பவர் அப்படியே நிற்க வேண்டும். கீழே ஏணி பிடிக்கிறவனை வேலையில்லாதவனாகக் கணக்கிடும் சூப்பர்வைசர்களை நான் பார்த்திருக்கிறேன். “மேலே கட்டியாச்சே, அவன் எதுக்கு சும்மா நிக்கிறான்?” என்று கேட்பார்கள். கட்டுவதற்காக முதல் ஆள் ஏறுவது கட்டில்லாத ஏணியில். வேலை முடிந்து கட்டை அவிழ்த்துவிட்டு, களைப்போடு கடைசி ஆள் இறங்குவதும் கட்டில்லாத ஏணியில்தான். பிடிக்கிறவன் நிற்பது அந்த இரண்டு பேருக்காக.