எதிர்வீட்டு நட்சத்திரம்

மார்கழி பிறந்து மூன்றாம் நாள். விடியற்காலை நாலு மணிக்கு எதிர்வீட்டு அடுப்படியில் விளக்கு எரிந்தது. அந்த வீட்டில் தனியாக இருக்கும் பெண் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நைட் டியூட்டி முடித்து வந்து படுத்தால் வெயில் சாயும்வரை கதவு திறக்காது. நான் மாடி வராந்தாவில் நாற்காலியைக் கம்பி ஓரமாக நகர்த்திக்கொண்டேன். வயதோடு தூக்கம் குறைந்துபோனதால் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பதே எனக்கு வேலையாகிவிட்டது.

குரங்குக் குல்லாய் போட்ட பெரியவர் ஒருவர் வாசலுக்கு வந்தார். மழை வருமா என்று பார்க்கும் சம்சாரியைப் போல இடுப்பில் கை வைத்து வானத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். அவர் பின்னால் ஒரு அம்மா, கையில் வாளி. தண்ணீர் தெளித்துப் பெருக்கி, வாசலில் உட்கார்ந்து இருவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். தெருக்கோடிக் கோவில் ஒலிபெருக்கியில் திருப்பாவை தொடங்கியபோதும் அவர்கள் எழவில்லை. பாட்டு முடிந்த பிறகுதான் எழுந்தார்கள்.

என் மனைவி இரண்டே நாளில் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு வந்தாள். அந்தப் பெண்ணின் அப்பா அம்மா. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். முப்பது வருஷத்துக்கு மேலாகக் குஜராத்தில் டாங்ஸ் காட்டில் மிஷனரிகள். கிறிஸ்துமஸ் லீவுக்கு மகள் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள்.

டாங்ஸ், குஜராத்தின் தென்கிழக்கில் மகாராஷ்டிர எல்லையை ஒட்டிய தேக்குக் காடு. பீல், வார்லி, கொங்கணா என்று பெரும்பாலும் பழங்குடி மக்கள். 2011 கணக்கெடுப்பில் மாவட்டம் முழுவதற்கும் 2,28,291 பேர்தான். ஆஹ்வா தலைமையிடம். மழை கொட்டும் மலைச்சரிவுகளில் நாக்லி விளையும்; நம் கேழ்வரகுதான். ஆட்டோவிலிருந்து இரண்டு ரெக்ஸின் பைகளோடு ஒரு சிறு சாக்கும் இறங்கியது என்று மனைவி சொன்னாள். உள்ளே நாக்லி மாவு. கேழ்வரகு விளையாத ஊருக்கா வருகிறோம் என்று அவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். நம் வயலில் விளைந்ததை மகளுக்குக் கொண்டுபோகிறோம் என்றுதான் கட்டியிருப்பார்கள்.

அந்த லீவின் முதல் மூன்று நாட்கள் துடைப்பதிலேயே போயின. நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்று, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் எங்கள் தெருவிலும் கீழ்த்தளங்களில் தண்ணீர் புகுந்திருந்தது. அந்தப் பெண் டியூட்டிக்கு நடுவே முடிந்தவரை சுத்தம் செய்திருந்தாள். ஆனாலும் சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கறை, கட்டிலுக்கடியில் சேற்று வாடை. பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மெத்தையை மாடிக்குத் தூக்கினார், பீரோவை நகர்த்தினார், சாக்கடை வாயை மூங்கில் குச்சியால் குத்திவிட்டார். தன் வீடு முடிந்ததும் பக்கத்து வீட்டுக் கிழவியின் வீட்டுக்குள் போய்விட்டார். யாரும் கூப்பிடவில்லை. கிழவி முதலில் பயந்து, பிறகு அதட்டி, கடைசியில் டீ போட்டுக் கொடுத்தாள்.

ஓய்வெடுக்க வந்த மனிதருக்கு ஓய்வெடுக்கத் தெரியவில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அந்த மூங்கில் குச்சியைப் பார்த்தபோதுதான்.

கருவடிக்குப்பம் சுடுகாட்டுக்கு எங்கள் தெரு வழியாகவும் சவம் போகும். பறை தூரத்தில் கேட்டதும் ஜன்னலைச் சாத்துகிறவர்கள் உண்டு, எங்களுக்குப் பழகிவிட்டது. பெரியவர் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கு வந்து குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கடைசி ஆள் திரும்பும்வரை நின்றார். யார் என்று கேட்கவில்லை. வந்து பத்து நாளில் ஏழெட்டுப் பேருக்காவது அப்படி நின்றிருப்பார்.

வெள்ளைக்காரர் வந்து நமக்குப் போதித்த கதைதான் பாடப்புத்தகத்தில் இருக்கும். சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கினார். இதே கடற்கரைதான், இங்கிருந்து தெற்கே. கால்டுவெல் இடையன்குடியில் கால் ஊன்றினார். ஆனால் 1903-இலேயே திருநெல்வேலிக்காரர்கள் தங்கள் காசைப் போட்டு இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கி, நிஜாம் சீமையின் தோர்ணக்கலுக்கு ஆள் அனுப்பினார்கள். சங்கத்தைத் தொடங்க முன்னின்ற அசரியா, பிறகு தாமே மனைவி அன்பு மரியம்மாளோடு அங்கே போய்த் தெலுங்கு கற்றுக்கொண்டு வாழ்ந்தார். தேரிக்காட்டிலிருந்து கிளம்பிப் பிறர் மொழிக்குள் குடியேறிய அந்தத் தம்பதிகளின் கதையை நாம் பேசுவதே இல்லை. எனக்கு அந்த மதமில்லை. இருந்தாலும் இது வருத்தமாகத்தான் இருக்கிறது.

அவர்கள் பேச்சில் அடிக்கடி வரும் சொல், பணித்தளம். “பணித்தளத்துல இப்போ குளிரு கொல்லும்,” “பணித்தளத்துல இந்நேரம் மாட்டுக்குத் தண்ணி காட்டியிருப்பாக.” மகள் முன்னால்தான் அந்தச் சொல். மகள் டியூட்டிக்குப் போன பிறகு, வாசற்படியில் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது, அது ‘வீடு’ ஆகிவிடும். “வீட்டுல கோழிய அடைச்சிருப்பானா பய?” என்று அந்த அம்மா கேட்டது என் காதில் விழுந்தது.

மகள் அவர்களை விருந்தாளிகளைப் போல நடத்தினாள். புதுத் துண்டு, புதுத் தட்டு. சாப்பிடும்போது பக்கத்தில் நின்று பரிமாறினாள். “போதுமா எம்மா? இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?” ஒரு தாயும் மகளும் ஒரே அடுப்படியில் இவ்வளவு மரியாதையாக நடந்துகொள்வதைப் பார்க்க எனக்கு என்னவோ செய்தது. ஆறு வயதில் அவளைத் திருநெல்வேலிப் பக்கம் மிஷனரிப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள். அந்தக் காட்டில் தமிழ்ப் பள்ளிக்கு எங்கே போவது? அதன்பிறகு அப்பா அம்மா என்றால் லீவு. மே மாதம் முழுக்க, கிறிஸ்துமஸுக்குச் சில நாள். பெரியவர்கள் யாராவது பிள்ளைகளை மொத்தமாகச் சென்னைக்குக் கூட்டிவந்து நவஜீவன் எக்ஸ்பிரஸில் ஏற்றுவார்கள். இரவும் பகலும் ஓடி சூரத் வரும். அங்கிருந்து பஸ், மலைப்பாதை, வாந்தி. கதவைத் திறந்தால் அம்மா. பன்னிரண்டு வருஷத்தையும் கூட்டிப் பார்த்தால் ஒன்றரை வருஷம்கூடத் தேறாது என்று அந்தப் பெண்ணே ஒருநாள் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். கோபமாகச் சொல்லவில்லையாம், மாத்திரைக் கணக்குச் சொல்வதுபோலச் சொன்னாளாம்.

இருபத்திரண்டாம் தேதி அச்சு முறுக்குக்கு மாவு கரைத்தார்கள். அன்றுதான் முதல் முறையாக அந்த வீட்டில் சத்தம் கேட்டது. “ஏட்டி, எண்ணெய் காயட்டும், அவசரப்படாத.” “காஞ்சிட்டும்மா.” “எங்க காஞ்சிட்டு? அச்சுல மாவு ஒட்டவே மாட்டங்கு பாரு.” முதல் ஏழெட்டு முறுக்கு உடைந்தது. அம்மா திட்டினாள், மகள் எதிர்த்துப் பேசினாள். நானும் என் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உடைந்ததெல்லாம் ஒரு தூக்கில் எங்களுக்கு வந்தது. நல்லதெல்லாம் கிழவி வீட்டுக்குப் போனது.

நட்சத்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வந்த அன்றே பெரியவர் முத்தியால்பேட்டைக் கடையில் காகித நட்சத்திரம் ஒன்று வாங்கிவந்து, மகளை ஏணிக்கருகே விடாமல், தாமே ஏறிக் கட்டினார். மாலை ஆறுக்குப் போடுவார், விடிந்ததும் அணைப்பார். அந்த ஸ்விட்சை வேறு யாரும் தொடவில்லை. காரணத்தை அந்த அம்மாதான் சொன்னார், துணி உலர்த்திக்கொண்டே.

1998 கிறிஸ்துமஸ். எனக்குப் பத்திரிகையில் படித்த நினைவு இருந்தது. அன்று ஆஹ்வாவில் கிறிஸ்தவர்களுக்கு எதிராக ஊர்வலம் நடந்தது. அன்று தொடங்கி அடுத்த சில நாட்களில் காட்டு ஊர்களில் ஜெபக்கூடங்கள் பல எரிந்தன. 1999 ஜனவரி 10-ஆம் தேதி பிரதமர் வாஜ்பாயே நேரில் போய்ப் பார்த்தார். பத்திரிகையில் எனக்கு அது இரண்டு பத்திச் செய்தி. “மக அப்பதான் மொத லீவுக்கு வந்திருந்தா. ஆறு வயசு. இவுகதான் ஸ்டார அவுத்து, வெளக்க அணைச்சாக. பக்கத்து வீட்டு பீல் சம்சாரி எங்கள உள்ள விட்டு வெளிய உக்காந்துகிட்டாரு. பிள்ள கேட்டுக்கிட்டே இருந்தா, ஏம்மா ஸ்டார் போடலன்னு.” ஜாக்கெட்டை உதறிக் கொடியில் போட்டார். வேறொன்றும் சொல்லவில்லை. அந்த பீல் மனிதர் கிறிஸ்தவரில்லை என்பதை மட்டும், நாலடி போனபின் திரும்பிவந்து சொன்னார்.

பெரியவரோடு நான் பேசியது ஒரே ஒருமுறை. இருபத்துநாலாம் தேதி காலை சித்தானந்த சுவாமி கோவில் பக்கம் நடக்கப் போனேன், அவரும் வந்துகொண்டிருந்தார். கண்ணெதிரே குயில் தோப்பு. பாரதி வந்து உட்கார்ந்த இடம், குயில் பாட்டு பிறந்த இடம் என்றேன். நின்றுவிட்டார்.

“அவரு எத்தன வருஷம் இங்க?”

“1908-இல் வந்தார், 1918 நவம்பரில் கிளம்பினார். பத்து வருஷம்.”

“பத்து வருஷமும் ஊருக்குப் போவலியா?”

“போனால் வெள்ளைக்காரன் பிடித்திருப்பான். கடைசியில் பிரெஞ்சு எல்லையைத் தாண்டினதும் பிடிக்கத்தான் செய்தான்.”

கொஞ்ச நேரம் மாமரங்களைப் பார்த்தார். “வீட்டம்மா கூட இருந்தாகளா?”

“செல்லம்மாள் வந்து இருந்தார். கடையத்துக்காரர்.”

“கடையமா! நம்ம பக்கம்லா!” முகம் முழுக்க வெளிச்சம். “பாவம், இந்த உப்புக்காத்துல என்ன பாடு பட்டாகளோ.” திரும்பும் வழியெல்லாம் பாரதியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை; செல்லம்மாளைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தார். சாமான் வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது, பிள்ளைகள் எங்கே படித்தார்கள், அவர் எந்தக் கடிதத்தை எத்தனை முறை படித்திருப்பார் என்றெல்லாம். எனக்குப் பாதிக்குமேல் தெரியவில்லை. பாரதியைப் பற்றி இத்தனை வருஷம் படித்தும் இந்தக் கேள்விகள் எனக்குத் தோன்றியதில்லை.

கிறிஸ்துமஸ் அன்று பகலில் கோவிலுக்குப் போய்வந்தார்கள். மகள் பிரியாணி செய்தாள். சாயங்காலம் மாடிக்கு வந்து, கைப்பிடிச் சுவரில் எவர்சில்வர் செம்பு வைத்து அதில் செல்போனைச் சாய்த்து உட்கார்ந்தார்கள். டாங்ஸிலிருந்து வீடியோ கால். திரை அடிக்கடி உறைந்தது. உறைந்து விடுபடும்போதெல்லாம் ஒரு மேளச் சத்தமும் நாற்பது ஐம்பது குரல்களும் தெரு முழுக்கத் தெறித்தன. பெரியவர் தொடையில் தாளம் போட்டார். அந்த அம்மா எழுந்து நின்று, முந்தானையை இடுப்பில் செருகி, இரண்டடி முன்னும் இரண்டடி பின்னுமாக ஆட ஆரம்பித்தார். யாருடைய தோளோ பக்கத்தில் இருப்பதுபோலக் கை நீண்டிருந்தது. இத்தனை நாளில் அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. கருவடிக்குப்பத்தில் லீவில் இருந்தவர் அவரில்லை என்று பட்டது.

மகள் மாடிப்படியின் கடைசிப் படியில், நர்ஸ் உடுப்போடு, டியூட்டிக்குக் கிளம்பியவள் அப்படியே நின்றிருந்தாள். போன் வெளிச்சத்தில் அவள் உதடு அசைந்தது. டாங்கி மொழிதான். மே மாத லீவுகளில் கற்ற பாட்டாக இருக்க வேண்டும். பாட்டு முடியும் இடத்தில் அவள் குரல் கொஞ்சம் தூக்கலாக வந்துவிட்டது. அம்மா திரும்பிப் பார்த்தாள். அப்போது திரை மறுபடி உறைந்தது.

முப்பத்தொன்றாம் தேதி நள்ளிரவு ஆராதனைக்குப் போனார்கள். புது வருஷத்து வாக்குத்தத்த அட்டையைப் பெரியவர் சட்டைப் பையில் வைத்திருந்தார். பொங்கல்வரை இருங்களேன் என்று என் மனைவி சொல்லிப் பார்த்தாள். நாலாம் தேதி ரயில் டிக்கெட் போட்டாகிவிட்டது என்றார்கள். மகள் லீவு கேட்டும் கிடைக்கவில்லை. அன்றும் நைட் டியூட்டி. மாலை ஐந்துக்கு அவள் ஸ்கூட்டரில் கிளம்பினாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, “வீட்டுக்குப் போய்ச் சேந்ததும் போன் போடுங்க எப்பா,” என்றாள். அவள்தான் சொன்னாள், வீடு என்று. பெரியவர் தலையை ஆட்டினார். அந்த அம்மா ஸ்கூட்டரின் பின்சீட்டைத் துடைத்தார், அதில் யாரும் உட்காரப் போவதில்லை என்றாலும்.

இரவு ஏழரைக்கு ஆட்டோ வந்தது. சாக்கு இல்லை, ரெக்ஸின் பைகள் மட்டும். கிழவி கேட்டுவரை வந்து, கையில் மடித்து வைத்திருந்த எதையோ அந்த அம்மாவின் பைக்குள் திணித்தாள். வண்டி சிவாஜி சிலைப் பக்கம் திரும்பியது.

மறுநாள் நாலு மணிக்கு வழக்கம்போல விழித்துக்கொண்டேன். அடுப்படி இருட்டாக இருந்தது. நட்சத்திரம் எரிந்துகொண்டிருந்தது. விடிந்தது, திருப்பாவை முடிந்தது, பால்காரர் போனார், வெயில் சுவரில் இறங்கியது. அணைக்க ஆளில்லை. மகள் வந்தபோது மணி எட்டரை. ஸ்கூட்டரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமல், அண்ணாந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஸ்விட்சை அணைக்கவில்லை.