குக்கரில் வெந்த வேட்டி

பிழைப்பிற்காகத் தமிழகத்தை விட்டுப் புறப்படும் குடும்பம் எதை மறந்தாலும் பிரஷர் குக்கரை மறப்பதில்லை. சிம்லாவுக்கு மாற்றலாகி வந்த எங்களுடன் ஐந்து லிட்டர் குக்கர் ஒன்றும் வந்தது. ஏறத்தாழ 7,000 அடி உயரமுள்ள இம்மலையில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு எளிதில் வேகாது.

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தது. நீரிழிவினால் அப்பாவின் பாதத்தில் புண். கட்டு மாற்ற வந்துகொண்டிருந்த செவிலியரால் வர இயலவில்லை; மருந்துக்கடையில் சல்லாத் துணியும் தீர்ந்துவிட்டது. புண் சீழ் பிடித்தால் காலையே இழக்க நேரிடும் என்ற அச்சம் எங்களை உறங்கவிடவில்லை. மருத்துவர் தொலைபேசியில் வழி சொன்னார்: பழைய பருத்தி வேட்டியைத் துவைத்து, துண்டுகளாக்கி, குக்கரில் வையுங்கள்.

வெறும் கொதிநீர் போதாதா? பெரும்பாலான கிருமிகளுக்குப் போதும். ஆனால் டெட்டனஸ் கிருமி போன்றவை தடித்த உறைக்குள் ஒடுங்கிக் கிடக்கும்போது 100 டிகிரியையும் தாங்கும். அழுத்தத்தில் அடைபட்ட நீராவியோ கடல்மட்டத்தில் 121 டிகிரியை எட்டும். 1679இல் எலும்பை மென்மையாக்க டெனிஸ் பாப்பின் அமைத்த கலமே குக்கருக்கு மூதாதை. 1879இல் சார்ல்ஸ் சாம்பர்லான் செய்த ஆட்டோகிளேவும் அவ்வழி வந்ததே.

துண்டுகளைத் துணியில் தளர்வாகச் சுற்றி, நீரில் படாதவாறு தட்டின்மேல் வைத்தோம். வெயிட்டை உடனே போடலாகாது. உள்ளிருக்கும் காற்று முழுதும் வெளியேறி, நீராவி சீராகப் பீறிட்ட பின்னரே போட வேண்டும். காற்று தங்கிய இடத்தில் சூடு குறையும்.

"ஏண்டா, பருப்புக்கு மூணு விசில். இதுக்கு எத்தனை?" என்றார் அம்மா.

விசில் சமையலுக்கு ஆகும்; இதற்குக் கடிகாரமே கணக்கு. மலையில் குக்கரின் சூடும் நான்கு டிகிரி குறையுமாதலால், முதல் விசிலுக்குப் பின் சிறுதீயில் முக்கால் மணி நேரம் வைக்கச் சொல்லியிருந்தார் மருத்துவர். அதுவரை வற்றாத அளவு தண்ணீரும் வேண்டும். ஈரச் சுற்றின் வழியே கிருமி மீண்டும் நுழையக்கூடும் என்பதால், அடுப்பணைத்து, அழுத்தம் தானே இறங்கியபின், மூடியைச் சற்றே திறந்து அச்சூட்டிலேயே உலரவிட்டோம். இத்தனைக்கும் இது ஆபத்துக்கால ஏற்பாடே. மருத்துவமனைக் கருவிக்கு ஈடாகாது.

அந்தக் குக்கரில் மீண்டும் சாம்பார் வைக்க அம்மா இசையவில்லை. கீழ்வீட்டுச் சங்க நண்பர் தம்முடையதைக் கொடுத்துதவினார்.

ஆடி பிறப்பதற்குள் புண் ஆறியது. அதற்குள் எட்டு முழ வேட்டிகள் மூன்று தீர்ந்திருந்தன.

"ஊருக்குப் போனதும் முதல்ல வேட்டி எடுக்கணும்" என்றார் அப்பா.