முந்துவதும் பிழையே

உடலைப் பழக்கியவர் எந்த ஆட்டத்தையும் எளிதில் கற்பார் என்று நாம் எண்ணுகிறோம். ஸ்காட்லாந்து மக்கள் கூடி ஆடும் நாட்டு நடனமோ அவ்வெண்ணத்தைப் பாதியளவே ஏற்கிறது.

அந்நடனங்களைக் காக்க 1923-இல் கிளாஸ்கோ நகரில் ஒரு சங்கம் தோன்றியது. அதை நிறுவியோருள் ஒருவரான ஜீன் மில்லிகன் உடற்கல்வி ஆசிரியை. சீரான காலடியும் நிமிர்ந்த உடலும் அங்கே இன்றும் கற்பிக்கப்படுகின்றன. ஆகவே பாலே பயின்றவருக்கு வெளிப்புறம் திரும்பிய பாதமும், நீட்டிய கால்விரலும், 'பா த பாஸ்க்' என்னும் அடியின் பெயரும் புதியன அல்ல. ஓட்டப் பயிற்சி பெற்றவருக்கோ ரீல், ஜிக் ஆகிய விரைவு நடனங்களில் மூச்சும் கெண்டைக்கால் வலிமையும் கைகொடுக்கின்றன.

இடர்ப்பாடு அதன்பின்னரே தொடங்குகிறது. எட்டுத் தாளக்கட்டுகளில் முடிய வேண்டிய கோலத்தை ஓட்டக்காரர் ஆறிலேயே முடித்துவிட்டு நிற்பார். இங்கே பிந்துவதைப் போலவே முந்துவதும் பிழை. பாலே பயின்றவர் அவையோரை நோக்கி ஆடிப் பழகியவர். இங்கோ எதிரே நிற்கும் துணையின் கண்ணை நோக்கிக் கை நீட்ட வேண்டும்.

பெரும்பாலும் நான்கு இணைகள் எதிரெதிர் வரிசைகளில் நிற்கின்றன. முதல் இணை இருமுறை ஆடியபின் கடைசி இடத்திற்குச் செல்ல, அடுத்த இணை தலைமை ஏற்கிறது. முதன்மையை நாடிய சீடருக்கு ஆண்டவர் கற்பித்த பாடம் நம் நினைவுக்கு வருகிறதன்றோ!

1940-இல் பிரான்சில் சிறைப்பட்ட 51-ஆம் ஹைலண்ட் படைப்பிரிவினர் ஜெர்மானியர் முகாமில் ஒரு ரீல் நடனத்தை உருவாக்கினர். அதில் நால்வர் கைகோத்து, மூலைக்கு மூலை சாய்ந்த கோடாக நிற்பர். பின்னர் மற்ற மூலைகளுக்கிடையே அவ்வாறே நிற்பர். இரு கோடுகளும் சேர்ந்து, ஸ்காட்லாந்தின் பாதுகாவலரான திருத்தூதர் அந்திரேயாவின் சாய்ந்த சிலுவையைக் குறிக்கின்றன. எத்துணைத் தேர்ந்த ஆட்டக்காரரும் அச்சிலுவையைத் தனித்து வரைய இயலாது. அருகில் நிற்பவர் தடுமாறும் புதியவராயினும் அவர் கை வந்து சேரும்வரை காத்திருக்கவே வேண்டும்.

பல உறுப்புகள் கொண்ட ஓருடல் என்று திருச்சபையைத் தூய பவுல் உருவகித்தார். நம் பங்குகளில் குரல்வளம் மிக்கோர் உண்டு. சொல்வன்மை மிக்கோர் உண்டு. கணக்கில் தேர்ந்தோரும் உண்டு. இறைவன் அளித்த அக்கொடைகளோடு பாடற்குழுவிலும் அன்பியத்திலும் நாம் விரைந்து முன்னே செல்கிறோம். பின்தங்கியவரின் கைக்காக நின்று காத்திருக்க என்று பழகப் போகிறோம்?