என் சார்ட்டில் இருந்த தப்பு



நம் பள்ளி அறிவியல் கண்காட்சியில் டைனோசர் சார்ட் வரைந்து முதல் பரிசு வாங்கியது நான்தான். ஒரு டைரனோசரஸ் ரெக்ஸ், முதுகில் தட்டுத் தட்டாக இருக்கும் ஸ்டெகோசரஸைக் கடிப்பது போல வரைந்திருந்தேன். மேலே சிவப்பு ஸ்கெட்ச்சில் 'ஜுராசிக் காலம்' என்று கொட்டை எழுத்து. பரிசு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அம்மா அதில்தான் தினமும் சோறு கட்டித் தர்றாங்க.

அப்புறம்தான் நூலகத்தில் ஒரு புத்தகம் படித்தேன். எனக்கு வயிற்றைக் கலக்கிடுச்சு.

ஸ்டெகோசரஸ் வாழ்ந்தது சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அதுதான் ஜுராசிக் காலம். டைரனோசரஸ் ரெக்ஸ் வாழ்ந்ததோ 6.8 கோடியிலிருந்து 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, கிரெட்டேசியஸ் காலத்தின் கடைசியில். இரண்டுக்கும் நடுவில் 8 கோடி ஆண்டுகள்! கணக்குப் போட்டுப் பார்த்தால் டைரனோசரஸுக்கு ஸ்டெகோசரஸைவிட நாம்தான் கிட்டத்து சொந்தக்காரங்க மாதிரி. அது இதைப் பார்த்ததே இல்லை. எப்படிக் கடிக்கும்?

அது வாழ்ந்த இடம் இன்றைய வட அமெரிக்காவின் மேற்குப் பகுதி. 40 அடி நீளம். கை மட்டும் மூன்றடிதான். மூன்று கொம்பு டிரைசெரடாப்ஸ்தான் அதற்கு இரை. டிரைசெரடாப்ஸ் எலும்புகளில் அதன் பல் தடம் பதிந்திருக்கிறது. அப்போது பூக்கும் மரஞ்செடிகள் நிறைய இருந்தன. என் படத்தில் ஒரு பூகூட இல்லை. கடைசியில் மெக்சிகோ பக்கம் பெரிய விண்கல் விழுந்து அந்த உலகமே முடிந்துபோனது.

யாரும் கண்டுபிடிக்கலையே, பேசாம இருந்துடலாம்னுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் என் சார்ட்டைப் பார்த்து நோட்டில் வரைந்து வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்த அன்று மதியம் சோறு இறங்கவில்லை.

மறுநாள் டிபன் பாக்ஸைக் கழுவி எடுத்துக்கொண்டு போய் அறிவியல் டீச்சரிடம் நீட்டினேன். டீச்சர் வாங்கவில்லை. "எனக்கும்தான் தெரியாமப் போச்சு. பாக்ஸை நீ வச்சுக்கோ. தப்பை எல்லாரும் பாக்குற இடத்துல திருத்து" என்றார்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். பக்கத்தில் புதுப் படம் ஒட்டியிருக்கிறேன். இதில் டிரைசெரடாப்ஸ் இருக்கிறது, பூவும் இருக்கிறது. ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகளே, நோட்டில் திருத்திக்கோங்க. இதிலும் தப்பு இருந்தால் வந்து சொல்லுங்க, கோபப்பட மாட்டேன்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி