துயரத்திற்குச் சட்டம் கேட்கும் சாட்சியம்

'விதி முடிந்தது' என்ற இரண்டே சொற்களால் எத்தனையோ மரணங்களை நாம் மூடிவிடுகின்றோம். அவற்றுட் சில விதியினால் நேர்ந்தவையல்ல, வைத்தியரின் கவனயீனத்தால் நேர்ந்தவை. ஆனால், கவனயீனம் என்று மனம் சொல்வது வேறு. நீதிமன்றத்தில் அதனை நிறுவுவது வேறு.

இந்த வேறுபாட்டை இலங்கையருக்கு உணர்த்திய வழக்கு 'பிரியாணி சொய்சா எதிர் அர்செகுலரத்ன'. 1992 இல் நோயுற்ற நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியை, நாட்டின் புகழ்பெற்ற குழந்தை வைத்தியப் பேராசிரியரிடம் பெற்றோர் காட்டினர். வாதக் காய்ச்சலோடு தொடர்புடைய நரம்புக் கோளாறு என்று அவர் கருதினார். உண்மையில் இருந்ததோ மூளைத்தண்டில் ஒரு கட்டி. சிறுமி இறந்தாள், சட்டத்துறையைச் சேர்ந்த தந்தை வழக்குத் தொடர்ந்தார். மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா நட்டஈடு விதித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை இரண்டரை இலட்சமாகக் குறைத்தது. 2001 இல் உயர் நீதிமன்றம் அதனையும் நீக்கியது.

நோயை இனங்கண்டதில் கவனயீனம் இருந்ததென உயர் நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. ஆனால், அந்தக் கவனயீனந்தான் மரணத்திற்குக் காரணம் என்பது நிறுவப்படவில்லை என்றது. பிள்ளையின் அன்பையும் துணையையும் இழந்தமைக்கு, அன்றிருந்த உரோமன் டச்சுச் சட்டத்தின்கீழ் நட்டஈடு கோரவும் இயலாது என்றது. சட்டம் அறிந்த ஒரு தந்தைக்கே இதுதான் நிலையென்றால், மற்றவர்கள் என்செய்வர்?

பத்திரிகை அலுவலகத்திற்கு இத்தகைய முறைப்பாடுகளோடு பலர் வந்ததுண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், சத்திரசிகிச்சையின் பின் இறந்த மனைவியின் படத்தையும் மாத்திரை உறைகளையும் ஒரு பையில் கொண்டுவந்தார். சிகிச்சைக் குறிப்புகளின் பிரதி எதுவும் அவரிடம் இல்லை. மரணம் நிகழ்ந்து மூன்றாவது ஆண்டு நடந்துகொண்டிருந்தது. செய்தியாக எழுதலாம் என்றேன். வழக்குக்கு நேரம் கடந்துவிட்டது என்பதைச் சொல்ல நெடுநேரம் பிடித்தது.

1871 ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி, இத்தகைய நட்டஈட்டு வழக்கைச் சம்பவம் நிகழ்ந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடரவேண்டும். அந்தியேட்டி, ஆட்டைத் திவசம் என்று துக்கத்திலேயே பாதிக்காலம் கழிந்துவிடும். அரச வைத்தியசாலையாயின் வழக்கிற்கு ஒரு மாதத்திற்கு முன்னரே எழுத்தில் அறிவித்தல் கொடுக்கவேண்டும். ஆகவே, கண்ணீரோடேனும் கடிதம் எழுதத் தொடங்குங்கள். நோய் விவர அட்டை, பரிசோதனை அறிக்கைகள், பற்றுச்சீட்டுகள் யாவற்றையும் பேணுங்கள். சந்தேகமிருப்பின், உடலைப் பொறுப்பேற்பதற்கு முன்னரே மரண விசாரணையும் பிரேத பரிசோதனையும் கோருங்கள். எரித்த பின் எந்தச் சாட்சியமும் எழுந்து வராது.

வழிகளையும் குழப்பிக்கொள்ளலாகாது. இலங்கை மருத்துவ சபை வைத்தியரின் பதிவை நீக்கலாம். தண்டனைச் சட்டக்கோவையின் 298 ஆம் பிரிவு, கவனயீனத்தால் மரணம் விளைவித்தவரைச் சிறைக்கு அனுப்பலாம். நட்டஈட்டுக்கு உரிய இடம் மாவட்ட நீதிமன்றமே. அங்கே இன்னொரு வைத்தியர் நிபுணராகச் சாட்சி சொல்லவேண்டும். சிறிய நாட்டில், ஒரே கல்லூரியில் பயின்றவர்களிடையே அத்தகைய ஒருவரைத் தேடுவதுதான் மிகக் கடினம். புலம்பெயர்ந்த உறவுகள் தொலைபேசியில் 'வழக்குப் போடுங்கோ' என்று சொல்லுமுன் இதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

எல்லா மரணங்களுக்கும் வைத்தியர் பொறுப்பல்லர். நோயாளர் நிறைந்த விடுதியில் உறக்கமின்றி நிற்கும் இளம் வைத்தியரையும் நான் கண்டிருக்கிறேன். ஆனால், என்ன நடந்தது என்று கேட்பது பழிவாங்கல் அன்று. அது குடும்பத்தின் உரிமை. கேட்டவர்களால் சட்டமும் அசைகின்றது. 2001 இல் அந்தத் தந்தைக்கு மறுக்கப்பட்ட, அன்பும் அரவணைப்பும் இழந்தமைக்கான நட்டஈட்டைக் கோருவதற்கு 2019 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டம் வழி திறந்தது. அவருடைய மகளுக்கு அது காலந்தாழ்ந்து வந்த நீதி. இனி வருபவர்களுக்காவது அது பயன்படவேண்டுமானால், இரண்டு ஆண்டுகள் என்பதை எவரும் மறக்கலாகாது.