பருத்த சரீரமும் பாதரட்சையும்

மெலிந்தவன் ஓடினால் அதற்குத் தேகப்பயிற்சி என்று பெயர். பருத்தவன் ஓடினால் அதற்கு வேடிக்கை என்று பெயர். இவ்வுண்மையை நான் நூல்களில் கற்றேனில்லை. நம் கல்லூரி மைதானத்தில், விடியற்காலை ஐந்தரை மணிக்கு, 104 கிலோ எடையுள்ள என் சரீரத்தைச் சுமந்துகொண்டு முதன்முறை ஓடப் புறப்பட்ட அன்று கற்றேன். விடுதி மாடியில் பல் துலக்கிக்கொண்டிருந்த மாணாக்கர் இருவர், தங்கள் பௌதிக ஆசிரியர் எங்கே பற்றிய தீயை அணைக்க இவ்வாறு விரைகின்றாரோ என்று திகைத்து நின்றனர். அவர்கள் சிரிக்கவில்லை; சிரிப்பை அடக்க அவர்கள் பட்ட பாட்டைக் கண்டு நானே சிரித்துவிட்டேன்.

இம்மைதானத்திற்கு நான் புதியவனல்லேன். மாணவனாயிருந்த காலத்தில், கயிறிழுக்கும் போட்டியில் எங்கள் விடுதிக்குக் கடைசி ஆளாக நின்றவன் நான். எதிரிகள் எவ்வளவு இழுத்தாலும் அசையாது நிற்பதே எனக்கு இடப்பட்ட பணி. அசையாதிருத்தலில் அன்று பெற்ற புகழ், பின்னர் இருபத்தைந்தாண்டுக் காலம் என் வாழ்க்கை முறையாகவே அமைந்துவிட்டது.

அசையாதவனை அசைத்தது எது என்பதைச் சொல்லவேண்டும். இரண்டாண்டுகளுக்கு முன் என் இரத்தத்தைச் சோதித்த வைத்தியர், "சர்க்கரை உம் வீட்டு வாயிற்படியில் வந்து நிற்கின்றது, உள்ளே அழைப்பதும் திருப்பி அனுப்புவதும் உம் கையில் இருக்கின்றது" என்றார். பிறருக்கு இது சாதாரண எச்சரிக்கையாயிருக்கலாம். எனக்கு அவ்வாறன்று.

என் தந்தையார் தபால்காரர். முப்பதாண்டு தெருத்தெருவாக நடந்தவர். பிற்காலத்தில் வந்த சர்க்கரை நோய் அவர் பாதங்களை மெல்ல மெல்ல மரத்துப்போகச் செய்திருந்தது. என் தங்கையின் திருமணத்திற்கென்று வாங்கிய புதுச் செருப்பு அவருடைய வலக்காலில் சுண்டுவிரலோரம் கடித்தது. வலித்தாலன்றோ கழற்றுவார்? நாள் முழுதும் விருந்தினரை வரவேற்றுக்கொண்டு நின்றார். இரவில் பாயின்மேல் இரத்தக் கறையை என் தாயார் கண்ட பின்னரே புண் இருப்பது தெரிந்தது. அப்புண் ஆறவேயில்லை. நான்கு மாதத்தில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். அந்த வலக்காற் செருப்பு எங்கள் வீட்டுத் திண்ணையடியில் நெடுநாள் கிடந்தது. அதை எறிய ஒருவருக்கும் மனம் வரவில்லை. எடுத்து வைக்க ஒருவருக்கும் கை எழவில்லை. ஆகையால், பாதரட்சை அற்ப விஷயம் என்று எவரேனும் சொன்னால் என்னால் ஒப்புக்கொள்ள இயலாது.

எனினும், இவ்வளவு அறிந்த நானே ஓடுவதற்கு ஜோடு வாங்கியதில் இருமுறை மதிமோசம் போனேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

முதல் ஜோட்டை எனக்குத் தெரிந்தெடுத்துக் கொடுத்தது வெட்கம். என் பாதம் நீளத்தில் நடுத்தரம். அகலத்தில் அளவு மீறியது. "அகலமான ஜோடு உண்டா?" என்று கடையில் கேட்க நாணி, நீளத்தில் ஓர் எண் கூடுதலாக வாங்கி அகலக்குறையை ஈடுசெய்யலாமென்று எண்ணினேன். அன்றியும், படங்களில் கண்ட வேக ஓட்டக்காரர்கள் அணிவதைப் போன்ற மெல்லிய அடியுள்ளதையே எடுத்தேன். அபெபே பிகிலா 1960-ஆம் ஆண்டு ரோமாபுரி ஒலிம்பிக்கில் வெறுங்காலுடன் மாரத்தான் ஓடித் தங்கப்பதக்கம் பெற்றார். நம் நாட்டுச் சிவநாத் சிங் வெறுங்காலோட்டத்திற்குப் பெயர் பெற்றவர், 1978-இல் ஜலந்தரில் அதே தூரத்தை 2 மணி 12 நிமிடத்தில் கடந்தவர். வெறுங்காலே அவர்களுக்குப் போதுமாயிருக்க, எனக்கு மெல்லிய அடி போதாதா என்று தர்க்கம் செய்தேன். அவர்கள் மெலிந்த தேகத்தினர் என்பதும், நெடுநாள் பழக்கத்தால் உரமேறிய கால்களையுடையவர் என்பதும் அப்பொழுது என் தர்க்கத்தில் இடம் பெறவில்லை. பத்தே நாளில் முன்கால் எலும்பின் ஓரம் தீப்பற்றியதுபோல் வலித்தது. நீளம் மிகுந்த ஜோட்டினுள் பாதம் முன்னும் பின்னும் வழுக்கியதால் பெருவிரல் நகங்கள் இரண்டும் கறுத்தன.

இரண்டாவது ஜோட்டைத் தெரிந்தெடுத்தது பயம். இம்முறை, கடையிலுள்ளவற்றுள் எது மிக மிருதுவோ அதுவே வேண்டுமென்றேன். கடைச்சிப்பந்தி ஒரு ஜோட்டைக் கொணர்ந்து, அதன் அடியைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டி, "மேகத்தின்மேல் நடப்பதுபோல் இருக்கும், சார்" என்றான். நானும் அழுத்திப் பார்த்தேன், பஞ்சுபோல் அமிழ்ந்தது. மகிழ்ந்து வாங்கினேன். மூன்று வாரம் சென்றபின், அதை மேசைமேல் வைத்துப் பின்புறமிருந்து பார்த்தேன். மழைக்குச் சாய்ந்த மண்சுவர்போல் இரண்டும் உட்புறமாகச் சாய்ந்திருந்தன. அதற்குள் முழங்காலின் உட்பக்கத்தில் நோவு தொடங்கியிருந்தது. ஒரு மாதம் ஓட்டம் நின்றது. "ஓட்டம் நமக்கு விதிக்கப்பட்டதன்று" என்று ஏறக்குறைய முடிவு கட்டிவிட்டேன். ஆனால் வாயிற்படியில் நின்ற சர்க்கரை அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

அப்பொழுதுதான், எங்கள் காலத்தில் தேகப்பயிற்சி ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்ற பெரியவரைக் கண்டேன். நான் நொண்டுவதைப் பார்த்ததும் அவர் நலம்கூட விசாரிக்கவில்லை. "ஜோட்டைக் கழற்று, தம்பி" என்றார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீ பௌதிகம் கற்பிக்கிறாயல்லவா? கட்டைவிரலின் எடை எவ்வளவு, உன் எடை எவ்வளவு?" என்று கேட்டார். நான் தலைகுனிந்தேன்.

உண்மையில் இது முதலாண்டு மாணவனும் செய்யத்தக்க கணக்கு. ஓடும்பொழுது ஒவ்வோர் அடியிலும் தரை காலின்மேல் செலுத்தும் விசை உடலெடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு. இரண்டரை மடங்கென்று கொண்டால், என் ஒற்றைக்கால் ஒவ்வோர் அடியிலும் 260 கிலோ எடைக்கு ஈடான விசையைத் தாங்குகின்றது. ஒரு கிலோமீட்டருக்கு இவ்வாறு ஆயிரம் தடவைக்கு மேல்! ஜோட்டின் அடியில் உள்ள நுரை ஒரு சுருள்வில்லைப் போன்றது. 60 கிலோ மனிதனுக்கு அளவாக அமுங்கி எழும் வில், என் கீழ் முற்றும் நசுங்கித் தரையோடு தரையாகிவிடக் கூடும். நசுங்கிய வில் தாங்கவும் செய்யாது, எழும்பவும் செய்யாது. எனவே பருத்தவனுக்கு வேண்டுவது வெறும் மென்மையன்று. கனமும், தன் எடைக்கு ஈடுகொடுக்கும் உறுதியும் உடைய அடியே அவனுக்கு வேண்டும்.

மறுநாள் மாலை அப்பெரியவர் என்னை ஒரு வெள்ளைத் தாளின்மேல் நிற்கவைத்து, பென்சிலால் இரு பாதங்களையும் சுற்றி வரைந்தார். காலையில் அல்லாது மாலையில் வரைவானேன் என்று கேட்டேன். நாள் முழுதும் நின்றும் நடந்தும் பாதம் சற்று வீங்கியிருக்குமென்றும், ஓடும்போதும் அவ்வாறே பருக்குமென்றும், பெரிதான பாதத்திற்கு அளந்தால்தான் ஜோடு கடிக்காதென்றும் விளக்கினார். வலப்பாதம் இடப்பாதத்தினும் சற்றுப் பெரிதாயிருந்தது. பெரிய பாதத்தையே அளவாகக் கொள்ளவேண்டும் என்றார்.

அவர் சொன்ன மற்றவற்றையும் என்னைப் போன்ற அன்பர்களின் பொருட்டு எழுதுகிறேன். ஓடும்போது அணியும் காலுறையையே அணிந்து ஜோட்டைப் போட்டுப் பார்க்கவேண்டும். எழுந்து நிற்கையில் விரல் நுனிக்கு முன் கட்டைவிரலகலம் இடமிருக்கவேண்டும். அகலம் போதாவிடில் நீளத்தைக் கூட்டலாகாது. அகலமான வகையையே கேட்டு வாங்கவேண்டும். ஆடவர் ஜோடுகளில் சாதாரண அகலத்தை "டி" என்றும், அகன்றதை "2ஈ" என்றும், மிக அகன்றதை "4ஈ" என்றும் குறிப்பர். இவ்வெழுத்துக்களைச் சொல்லிக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. குதிகாலைச் சுற்றியுள்ள பகுதியை விரலால் அழுத்தினால் துவளாது நிற்கவேண்டும். ஜோட்டை வளைத்தால் விரல்கள் மடங்குமிடத்தில் மடங்கவேண்டும். நடுவில் மடங்குமாயின் விட்டுவிடுக. அடிப்பாகம் அகன்று தரையில் நன்கு பதியவேண்டும். கடைசியாக, கடைக்குள்ளேயே பத்தடி ஓடிப் பார்க்கவேண்டும். பார்ப்பவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

அவ்வாறு ஓடிப் பார்த்து வாங்கியதே என் மூன்றாவது ஜோடு. அது அழகியதன்று, இரு சிறு தோணிகள்போல் இருக்கின்றது. ஆனால் இன்றுவரை அது என்னைக் கடித்ததில்லை.

ஆசிரியர் தொழிலின் பழக்கத்தால், பெரியவர் சொன்னதை ஆராய்ச்சியாளர் கூற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆசை கொண்டேன். லக்ஸம்பர்க் நாட்டில் 848 ஓட்டக்காரர்களை இரு பிரிவாக்கி, பார்வைக்கு ஒன்றுபோலிருந்து மென்மையில் மட்டும் வேறுபட்ட ஜோடுகளைக் கொடுத்து ஆறு மாதம் கவனித்தார்கள். 2020-இல் வெளியான அதன் முடிவு வியப்பானது. கடின அடியுள்ள ஜோட்டை அணிந்தவர்களுக்கே மொத்தத்தில் காயம் அதிகம். ஆனால் எடைவாரியாகப் பிரித்துப் பார்க்கையில், மென்மையினால் வந்த நன்மை எடை குறைந்தவரிடமே தெளிவாகத் தெரிந்தது. எடை மிகுந்தவரிடம் அவ்வாறு தெளிவாகத் தெரியவில்லை. பருத்தவருக்கு மெத்தையே மருந்து என்று நானும் கடைச்சிப்பந்தியும் கொண்டிருந்த கொள்கைக்கு இது நல்ல சவுக்கடி.

டென்மார்க்கிலிருந்து 2014-இல் வந்த மற்றோர் ஆராய்ச்சி என்னை இன்னும் நாணச் செய்தது. புதிதாக ஓடத் தொடங்குவோருள், எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் கொண்டு, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துக் காணும் எண் 30-க்கு மேற்பட்டவர்கள், முதல் வாரத்தில் 3 கிலோமீட்டருக்கு மேல் ஓடினால் காயமுறுவது கூடுதலாகக் காணப்பட்டதாம். என் எண் 35. முதல் வாரத்தில் நான் ஓடியதோ 12 கிலோமீட்டர்! ஜோடுகளின்மேல் நான் சுமத்திய பழியில் பாதி என் அவசரத்தையே சேரவேண்டும். இப்பொழுது ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று தொடங்கிப் படிப்படியாக ஏற்றிவருகிறேன்.

கனடாவில் கால்கரிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பென்னோ நிக்கும் அவர் குழுவினரும் 2015-இல் எழுதிய கட்டுரையைப் படித்த அன்றிரவு எனக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை. ஜோட்டைத் தெரிந்தெடுப்பதில் ஓடுபவனுடைய பாதத்தின் சுகவுணர்ச்சியே நல்ல வழிகாட்டியாகலாம் என்பது அவர்கள் கருத்து. எளிய சொல்தான். ஆனால் என் தந்தையாரின் பாதங்கள் அவ்வழிகாட்டியை இழந்திருந்தன. செருப்புக் கடித்தபோது அவர் பாதம் பேசவில்லை. என் பாதங்களோ முன்கால் நோவாகவும், முழங்கால் நோவாகவும், கறுத்த நகமாகவும் நாள்தோறும் என்னிடம் பேசின. நான்தான் வெட்கத்திற்கும் பயத்திற்கும் செவிகொடுத்து, அவற்றின் சொல்லைக் கேளாதிருந்தேன். வலியறியும் பாதம் எவ்வளவு பெரிய செல்வம் என்பதை நாற்பத்தாறாம் வயதில் உணர்ந்தேன்.

பாதவுணர்ச்சி குன்றியவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பாதம் பேசாதாகையால் கண்ணும் கையுமே அதற்குப் பதிலாகப் பேசவேண்டும். ஜோட்டை அணியுமுன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். சிறு கல்லும் மடிந்த தையலும் போதும் புண்ணாக்க. இரவில் இரு பாதங்களையும் விரலிடுக்குகளையும் பாருங்கள். உள்ளங்கால் தெரியாவிடில் கண்ணாடியை வைத்துப் பாருங்கள். ஓடத் தொடங்குமுன் வைத்தியரைக் கேளுங்கள். இதை எங்கள் வீட்டில் யாரேனும் அன்று அறிந்திருந்தால், அந்த வலக்காற் செருப்பும் மற்றதைப்போலத் தேய்ந்தே போயிருக்கும்.

ஜோட்டின் ஆயுளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 500 முதல் 800 கிலோமீட்டர் வரை ஒரு ஜோடு உழைக்கும் என்பது வழக்கமான கணக்கு. நம் போன்றோர் அதன் கீழெல்லையையே நம்பவேண்டும். மேலே புதிதாய்த் தோன்றினும் நுரை உள்ளே இறந்திருக்கும். ஆகையால் முதல் நாளிலிருந்தே ஓடிய தூரத்தைக் குறித்து வருகிறேன்.

இவ்வாண்டு விளையாட்டு விழாவில் ஆசிரியர்களுக்கான ஓட்டத்தில் நானும் கலந்துகொண்டேன். மைதானத்தை இருமுறை சுற்றவேண்டும். எல்லாரும் முடித்து மோர் அருந்திக்கொண்டிருக்கையில் நான் இரண்டாவது சுற்றின் நடுவில் இருந்தேன். விடுதி மாணாக்கர் கயிற்றோரம் நின்று ஆரவாரித்தனர். அவ்வாரவாரத்தில் வேடிக்கை எவ்வளவு, அன்பு எவ்வளவு என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. கடைசியாக வந்து சேர்ந்தேன். முழங்காலில் நோவில்லை. என் எடை இப்பொழுது 97 கிலோ. சர்க்கரை இன்னும் வாயிற்படியை விட்டுப் போகவில்லை. ஆயினும் ஒருபடி கீழிறங்கி நிற்கின்றது என்று வைத்தியர் சொல்லுகிறார்.

வீட்டிற்கு வந்து ஜோட்டைக் கழற்றித் திண்ணையடியில் வைத்தேன். பின்பு விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, வலப்பாதத்தை எடுத்து மடிமேல் வைத்து, சுண்டுவிரலோரத்தை முதலில் பார்த்தேன்.